போர்டு மாறினால் பட்டம் மாறாது

தொண்டித் தம்பி, “தன்னாட்சி வாங்கியாச்சு, இனி நம்ம கல்லூரி போர்டில் பல்கலைக்கழகம்னு எழுதிக்கலாம், பழைய பட்டத்தையும் புதுப் பேரில் மாத்தித் தருவாங்க”ன்னு போட்டிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் போடலாம், தேர்வு நடத்தலாம், மார்க் ஷீட் தரலாம். பட்டம் தருவது அந்தக் கல்லூரி இணைஞ்சிருக்கிற பல்கலைக்கழகம்தான். நம்ம ராமநாதபுரம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்கு அது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். சென்னை லயோலா கல்லூரி 1978-லேயே தன்னாட்சி வாங்கியது, இன்னும் கல்லூரிதான்.

1956 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 23ஆம் பிரிவு, ‘பல்கலைக்கழகம்’ங்கிற சொல்லை நினைச்சபடி பேரில் ஒட்ட விடாது. நிகர்நிலை, அதாவது பல்கலைக்கழகத்துக்குச் சமமான தகுதி, கிடைச்சாலும், 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் வெறுமனே ‘பல்கலைக்கழகம்’னு போட முடியாது, ‘நிகர்நிலை’யும் கூடவே வரணும். முழுப் பல்கலைக்கழகமாகணும்னா சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ சட்டம் வேணும். பெங்களூரு செயின்ட் ஜோசப் கல்லூரி அப்படித்தான், கர்நாடகச் சட்டத்தின் வழியா, பல்கலைக்கழகமானது.

பழைய மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேற. பட்டச் சான்றிதழின் உச்சியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பேர் அச்சாகியிருக்கோ, பட்டத்தைச் சரிபார்க்க அங்கேதான் போகணும். வளைகுடா வேலைக்குப் போனா, சான்றிதழ் அசல்தான்னு உறுதி செய்யும் அட்டஸ்டேஷன் முத்திரை அதன் பின்பக்கம் விழும். அதனால லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்தே உரிஞ்சு வரும்.