பாய்காட்: ஊர்கூடி விலகியதற்கு வந்த பெயர்

பிடிக்காத ஒரு படத்தைத் தனி ஒருவர் பார்க்காமல் விடுவதையும், ஓர் அரசு அயல்நாட்டுப் பொருளுக்குத் தடை விதிப்பதையும் இன்று ‘பாய்காட்’ என்றே எழுதுகிறார்கள். இரண்டுமே பாய்காட் அல்ல என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சொல் பிறந்த விதத்தை அறிந்தவர்கள் அதை இவ்வளவு எளிதாகச் செலவழிக்க மாட்டார்கள்.

அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல், விளைச்சல் குறைந்ததால் குத்தகையில் 25 சதவீதம் தள்ளுபடி கேட்ட குடியானவர்களுக்குப் பிரபு 10 சதவீதமே தர முன்வந்தார். அதை ஏற்க மறுத்தவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றும் வேலையில் பாய்காட் இறங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் என்னிஸ் நகரில் பேசிய அயர்லாந்து அரசியல் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், பக்கத்து வீட்டுக்காரன் வெளியேற்றப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனைச் சுட வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்த குரலை ஏற்காமல், சாலையிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டுத் தலத்திலும்கூட அவனை விட்டு விலகி நிற்கச் சொன்னார். அந்த முறையைத்தான் ஊரார் முகவர்மீதே கையாண்டார்கள். பண்ணையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள். மிரட்டலே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவரை வீழ்த்தியது துப்பாக்கி அல்ல. அவருக்காக அறுவடை செய்ய வெளியூரிலிருந்து ஐம்பது ஆட்கள் வந்தார்கள்; அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களையும் காவலர்களையும் அரசு அனுப்பியது. சில நூறு பவுண்டு பெறுமானமுள்ள விளைச்சலைக் காக்க, அதைப்போல் பல மடங்கு செலவானது. டிசம்பர் தொடக்கத்தில் பாய்காட் அயர்லாந்தை விட்டே சென்றார்.

இந்தச் செயலுக்குப் பெயர் வைத்தவர் ஜான் ஓ’மாலி என்ற பாதிரியார் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்திருக்கிறார். ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும் ‘ஆஸ்ட்ரசிசம்’ குடியானவர்களுக்குப் புரியாது என்பதால், முகவரின் பெயரையே வினைச்சொல்லாக்கலாம் என்றாராம். செயலைச் செய்த மக்களின் நாவுக்கு ஏற்றபடி சொல்லைத் தேர்ந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விரைவிலேயே அது பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கும் பரவியது.

செயல் சொல்லைவிடப் பழையது. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைப் பிரிட்டனில் 1790-களிலேயே பல குடும்பங்கள் தவிர்த்தன. 1955 டிசம்பர் தொடங்கி, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரின் கறுப்பின மக்கள், பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து அவற்றில் ஏறாமல் 381 நாள் நடந்ததும் இந்த மரபில்தான் வருகிறது. மூன்றிலும் கூட்டு முடிவும் வெளிப்படையான கோரிக்கையும் தமக்கு வரும் இழப்பைத் தாங்கும் துணிவும் இருந்தன. அரசு விதிக்கும் தடைக்கு ஆங்கிலத்திலேயே ‘எம்பார்கோ’ என்ற தனிச்சொல் உண்டு. ஆகவே ‘பாய்காட்’ என்று எழுதுபவர்கள், யார் சேர்ந்து, எந்தக் கோரிக்கைக்காக, எது நிறைவேறும்வரை விலகி நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.