சூலத்தைப் பிடுங்குவதற்கு முன்பு

போன ஞாயிறு எங்கள் ஊர்க் கோயில் கூட்டத்தில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சிப் பக்கம், குளத்தை நம்பிய ஒரு விவசாய ஊர். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். பிள்ளையார் கோயிலைப் பெரிதாகக் கட்ட வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். வடக்கு வீதியில் வேப்ப மரத்தடியில் நிற்கும் மாடசாமியின் சூலமும் கல்லும் அதில் இல்லை. அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அது தோட்டத்தில இருந்து வந்த சனத்தின்ர சாமி. வன்னி வழக்கம் இல்லை" என்றார் ஒருவர், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களைச் சொல்லி. பலர் தலையாட்டினார்கள். அந்தக் கல்லுக்கு நாற்பது வருடமாக விளக்கு வைக்கும் பெரியவர் பின் வாங்கிலில் இருந்தார். எழுந்து, "பரவாயில்லைங்க, சாமிய எங்க வேணும்னாலும் வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்தப் "பரவாயில்லைங்க" இன்னும் என் காதுக்குள் நிற்கிறது.

வன்னி வழக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம்?

முறிகண்டிப் பிள்ளையாரிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலான ஏ-9 வீதியால் போகும் பஸ், லொறி, வான் எதுவும் அங்கே நிற்காமல் போவது அபூர்வம். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார். சிங்களச் சாரதியும் நிற்பார், முஸ்லிம் வியாபாரியின் லொறியும் நிற்கும். வண்டி முறியாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே வேண்டுதல்தான் எல்லோருக்கும். அந்தக் கோயிலைக் காலம் காலமாக வாழ வைப்பது வழிப்போக்கரும் வியாபாரமும். அந்தப் பிள்ளையாரை நாம் எல்லோரும் வன்னியின் பிள்ளையார் என்றே சொல்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் மாதோட்டம், மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகம். சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடும்போது "வங்கம் மலிகின்ற கடல் மாதோட்ட நன்னகர்" என்கிறார். வங்கம் என்றால் கப்பல். கப்பல் நெருக்கியடித்து நிற்கும் கடலைச் சொல்லித்தான் பாலாவிக் கரையில் இருக்கும் சிவனைக் காட்டுகிறார். 1980களில் அந்த மாதோட்டம் இருந்த மாந்தையில் அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டமும் வெளியே வந்தன. சரக்கோடு வந்தவர்கள் தங்கள் வேண்டுதலையும் கொண்டுவந்திருப்பார்கள்தானே. ஒரு துறைமுகத்துக் கோயிலின் வாசலில் எத்தனை மொழி கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். பாடலும் பாலாவியும் மிஞ்சின. இன்று நாம் பெருமையோடு சொல்லும் தேவாரத் தலம் ஒரு வியாபாரத் துறைமுகத்தில்தான் இருந்தது.

முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை அம்மன் யார்? கண்ணகி. பூம்புகாரில் கடல் வாணிகம் செய்த மாநாய்கனின் மகள். மதுரையை எரித்த பிறகு கடல் கடந்து வந்தாள் என்பது நம் சனத்தின் நம்பிக்கை. நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியன்கள் முன்னால் ஒரு கிழவியாக வந்தாளாம். பசிக்கிறது என்றாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும் கடல் நீரை அள்ளி ஊற்றச் சொன்னாளாம். தலையைப் பார்க்கச் சொன்னபோது தலை முழுக்கக் கண்கள். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, உப்பு நீரில் விளக்கெரிக்கிறோம். சின்ன வயதில் அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கண்களைத்தான் நான் நினைத்துப் பயந்திருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. யாரென்று தெரியாத ஒரு கிழவி தனியாக வந்து நிற்கிறாள், "நீ எந்த ஊர்?" என்று கேட்காமல் அந்தப் பொடியன்கள் உலை வைத்திருக்கிறார்கள். சிங்கள மக்கள் அவளையே பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள்.

மடு மாதா கோயிலும் அப்படித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது திருச்சபை சொல்லும் வரலாறு. அகதிகள் கொண்டுவந்த சொரூபம் அது. 2008-இல் சண்டை நெருங்கியபோது அதே சொரூபம் மறுபடியும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று மடு மண். பாம்புக்கடிக்கு அந்த மண் நல்லது என்று சைவ வீடுகளிலும் ஒரு பொட்டலம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சாமித்தட்டில், விபூதிச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வயலில் வெறுங்காலோடு நிற்பவனுக்குப் பாம்புதான் பயம். அதனால் அவன் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் பொங்குவான், மடு மண்ணையும் மடித்து வைப்பான். (கடி பட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது வேறு.)

சரி, எங்கள் பிள்ளையாருக்கு வருவோம். கிளிநொச்சி நகரமே 1936-இல் குடியேற்றத் திட்டத்தோடு உருவானது. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் போனதால் சனத்தை இங்கே கொண்டுவந்தார்கள். என் அப்பப்பா 1950களில் வடமராட்சியிலிருந்து வந்தவர். வரும்போது ஊர்க் கோயில் வாசலில் ஒரு பிடி மண் அள்ளி வந்து, அதை வைத்துத்தான் இங்கே பிள்ளையாரை இருத்தினார்கள் என்று அப்பாச்சி சொல்லுவா. அதற்கு முன்பே குளக்கட்டில் பழைய வன்னிச் சனத்தின் ஐயனார் இருந்தார். அந்தச் சனம் அப்பப்பாவைப் பார்த்து "இது யாழ்ப்பாணத்துச் சாமி, இங்கே வேண்டாம்" என்று சொல்லவில்லை. கட்டுவதற்கு மரம் வெட்டிக் கொடுத்தது.

மாடசாமியைக் கொண்டுவந்தவர்கள் எப்படி வந்தார்கள்? 1970களில் தோட்டங்களில் பஞ்சம். 1977-இலும் 1983-இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் அடியும் நெருப்பும். உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டி இருந்தார்கள். இன்று நாம் வாங்கும் காய்கறியிலும் நெல்லிலும் அவர்களுடைய முதுகு வலி இருக்கிறது. பெரும்பாலும் காணி அவர்கள் பெயரில் இல்லை. ஆனால் அவர்கள் வன்னியைப் பார்த்தது அது முதல் தடவை இல்லை. 1820களில் கோப்பித் தோட்டத்துக்காக அவர்களுடைய முன்னோரைக் கொண்டுவந்தபோது, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு நடந்தார்கள். அதை நினைத்துத்தான் 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். என் அப்பப்பா இந்த மண்ணில் கால் வைப்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலாக முன்னால் அவர்களுடைய ஆட்களின் எலும்பு இந்தக் காட்டில் கிடந்தது. இதில் யார் வந்தவர், யார் இருந்தவர்?

மாசியில் அவர்கள் காமன் கம்பம் நடுவார்கள். தப்பு அடிக்க, ரதி அழ, விடியும் வரை கூத்து நடக்கும். நான் முதன்முதலாக விடிய விடிய முழித்திருந்து பார்த்த கூத்து அதுதான். சிவன் காமனை எரித்ததைப் புராணப் படிப்பில் கேட்டிருந்தேன். ரதியின் பக்கம் நின்று அழலாம் என்று எனக்குக் காட்டியது அந்தத் தப்புச் சத்தம். இப்போது என் மகளுக்கும் ரதியின் பாட்டில் நான்கு வரி தெரியும்.

ஒரு வழக்கத்தை வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு தடவை பார்த்துவிட்டோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்தவர்கள் கையில் கிடைத்ததோடு போனார்கள். பிழை என்று தெரிந்தும் நாம் வாய் திறக்கவில்லை. அம்மா அறுவடை வரை கடனுக்குத் துணி எடுத்த கடை பூட்டிக் கிடந்தது. பள்ளிவாசல் கந்தூரிச் சோறு வாங்க ஓடிய பிள்ளைகள் அதை மறந்தே வளர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு இன்றும் நம்மில் சிலர் "இப்ப வந்தவர்கள்" என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டொரொண்டோவிலும் லண்டனிலும் நீங்கள் கோயில் கட்டி, குளிரில் காவடி எடுக்கிறீர்கள். அங்கேயும் யாராவது "இது இந்த நாட்டு வழக்கம் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வலி உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பும் காசு ஊருக்கு வேண்டும். அதே காசில்தான் குளக்கட்டு ஐயனாருக்குக் கொங்கிரீட் போட்டு, பரம்பரையாகப் பொங்கிய பூசாரியாரை விலக்கி, எல்லாக் கோயிலையும் ஒரே அச்சில் ஆக்குகிறார்கள். காசு போடும்போது, இடிபடப்போவது எது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அடுத்த கூட்டம் தை கடைசி ஞாயிறு. தரிப்பிடத்தைத் தெற்கு வீதிக்கு மாற்றிய வரைபடம் ஒன்றை நானே கீறி வைத்திருக்கிறேன், இடம் தாராளமாக இருக்கிறது. நம் ஊர்க்காரர் யார் இதை வாசித்தாலும் அதற்கு முன்பு நிருவாகத்தில் ஒருவருக்காவது தொலைபேசி எடுங்கள். மாசியில் கம்பம் நடுவது அந்த வேப்ப மரத்தடியில்தான், பெரியவர் இப்போதே கயிறு திரிக்கத் தொடங்கிவிட்டார்.