வலையை எடுத்தாயிற்று, அணையை?

சீனாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். குறை சொன்னால் இன்னொரு கூட்டம். இந்தப் பதிவில் இரண்டும் இருக்கிறது. எல்லோரும் வரிசையில் வாருங்கள்.

இயற்கையைக் கெடுக்காமல் வளரவேண்டும் என்கிற 'சூழல் நாகரிகம்' கொள்கையைச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி 2007 மாநாட்டிலிருந்து பேசிவருகிறது. 2012இல் அது கட்சி விதிகளில் ஏறியது, 2018இல் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே சேர்ந்தது. ஐ.நா. பல்லுயிர் மாநாடு 2021இல் சீனாவின் குன்மிங் நகரில் தொடங்கியபோது மாநாட்டுத் தலைப்பிலும் அதே சொற்கள். மேடைப் பேச்சுதானே என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ள முடியாதபடி சில காரியங்கள் நடந்திருக்கின்றன.

கான்சு மாகாணத்தில் சீலியான் மலைக் காப்பகம் இருக்கிறது. காப்பகம் என்று பெயர், உள்ளே சுரங்கங்களும் நீர்மின் நிலையங்களும். பெய்ஜிங் பலமுறை எச்சரித்தும் மாகாணம் அசையவில்லை. 2017இல் துணை ஆளுநர் மட்டம் வரை நடவடிக்கை பாய்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது: காட்டைக் கவனிக்காவிட்டால் பதவி போகும். ஒரு கொள்கைக்குப் பல் முளைப்பது இப்படித்தான். நம் அரசியல் சட்டத்தின் 48ஏ பிரிவும் காட்டையும் வன உயிர்களையும் காக்கச் சொல்கிறது. அதை மீறியதற்காகப் பதவி இழந்தவர் யாராவது உங்களுக்கு நினைவில் இருக்கிறாரா?

யுன்னான் மாகாணத்தில் பச்சை மயில் வழக்கு இன்னும் சுவாரஸ்யம். வழக்கு நடந்த சமயத்தில் சீனாவில் அந்த மயில் ஐந்நூறுக்கும் கீழே. அது வாழும் ஆற்றுப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க ஓர் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் சட்டம், பொதுநல வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தன்னார்வ அமைப்புகளுக்குக் கொடுத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 'இயற்கையின் நண்பர்கள்' அமைப்பு 2017இல் வழக்குப் போட, 2020இல் குன்மிங் நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. மயில் செத்த பிறகு இழப்பீடு கேட்ட வழக்கு அல்ல இது. ஆபத்து வருமுன்னே தடுக்கக் கேட்ட வழக்கு.

இனி யாங்சி ஆறு. என் மனத்தாங்கல் அங்கேதான்.

2021 ஜனவரி 1 முதல் பத்தாண்டுகளுக்கு மீன்பிடித் தடை. ஒரு லட்சத்துக்கு மேல் படகுகள் கரையேறின, இரண்டு லட்சத்துக்கு மேல் மீனவர்கள் தொழிலை விட்டார்கள். இழப்பீடு, ஓய்வூதியம், வேறு வேலைக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. சிலர் ரோந்துப் பணியில் சேர்ந்தார்கள். பலன் தெரிகிறது. யாங்சியின் துடுப்பிலா ஓங்கில் (முதுகில் துடுப்பில்லாத, டால்பின் போன்ற உயிரினம்) 2017இல் 1,012. 2022 கணக்கெடுப்பில் 1,249. சரிந்துகொண்டே வந்த எண்ணிக்கை ஏறியது அதுவே முதல் முறை. அதே ஆற்றின் இன்னொரு ஓங்கிலான பைஜியை 2006இல் ஆறு வாரம் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்த ஆற்றின் உயிர்கள் வலையால் மட்டும் அழியவில்லை. 1981இல் கேஜோபா அணை ஆற்றை அடைத்ததும், முட்டையிட மேலே போகும் மீன்களின் பாதை அறுந்தது. சீனத் துடுப்புமூக்கு மீன் 2022இல் அழிந்த உயிரினமாக அறிவிக்கப்பட்டது. சீன ஸ்டர்ஜன் மீன் அணைக்குக் கீழேயே எப்படியோ முட்டையிடப் பழகிக்கொண்டது. பிறகு மூன்று பள்ளத்தாக்கு அணை வந்தது. அத்தனை நீரைத் தேக்கி வைத்தால் இலையுதிர் காலத்தில் ஆறு குளிரத் தாமதமாகும். நீர் குளிர்ந்தால்தான் ஸ்டர்ஜன் முட்டையிடும். 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் அது ஆற்றில் முட்டையிட்டதற்கான தடயமே கிடைக்கவில்லை.

அணையையே தொடவில்லை என்று சொன்னால் அது பொய். கிளை ஆறான சீசுயில் சுமார் 300 சிறு அணைகளை இடித்திருக்கிறார்கள். நல்ல வேலை, மனதாரப் பாராட்டலாம். ஆனால் பாருங்கள், படகு சிறியவருடையது, இடிந்ததும் சிறு அணை. பெரிய அணை பக்கம் வந்ததும் 'சூழல் நாகரிகம்' குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. நீர்மின்சாரமும் பசுமைதானே என்று பதில் வருகிறது.

போயாங் ஏரி யாங்சியோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு மதகு கட்ட ஜியாங்சி மாகாணம் நெடுநாளாக முயல்கிறது. 2022இல் சூழல் தாக்க அறிக்கையையும் வெளியிட்டது. உலகின் சைபீரியக் கொக்குகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தைக் கழிப்பது அந்த ஏரியில். எண்ணிக்கை ஏறியது என்று கொண்டாடும் அந்த ஓங்கில்களுக்கும் ஏரி முக்கிய வீடுகளில் ஒன்று. மீனவனிடம் பத்து வருடம் பொறுத்துக்கொள் என்று சொன்ன அரசு, மாகாண அரசிடம் 'கட்டாதே' என்று சொல்லுமா? அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.