மேலே நிற்பவர் உள்ளே இறங்கக் கூடாது

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தார், அவரைத் தூக்கப் போனவரும் உயிரிழந்தார் என்ற செய்தியை, ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறி வர, நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இரண்டாவது மனிதரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மூடிய இடங்களில் நேரும் இறப்புகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1986-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பின் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய லாரி வந்தது. அடியில் இறுகிக் கிடந்த சகதியைக் குழாய் இழுக்கவில்லை என்றதும், இருபது வயதுகூட இருக்காத ஒரு தம்பி சட்டையைக் கழற்றி மூடியின் மேல் வைத்துவிட்டு, நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டார். "அரை மணி நேரமா மூடி திறந்திருக்கு சார், நாத்தமே இல்லை" என்றார் உடன் வந்தவர். என் நெஞ்சு பதறியது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான். கழிவு அழுகும்போது உருவாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதைவிடக் கொடியது, சகதிக்குள் சிக்கியிருக்கும் வாயு கால் வைத்துக் கிளறும்போதுதான் குபுக்கென்று வெளிவரும் என்பது. ஈரத்துணி இதில் எதையும் தடுக்காது. அவரை மேலேற்றிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிச் சகதியைக் கரைத்து மீண்டும் உறிஞ்சச் சொன்னோம். கூடுதலாக இரண்டு மணி நேரமும் கொஞ்சம் பணமும் ஆயின, அவ்வளவுதான்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இந்த வேலைக்கு ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு நமக்கு நினைவிருக்கும் அளவுக்கு, இறங்கியவரை மேலே இழுக்கும் கயிறு நினைவிருப்பதில்லை. தொழிற்சாலைத் தொட்டி போல இறங்கியே தீர வேண்டிய இடங்களில், மேல், நடு, அடி மூன்றிலும் வாயுவை அளந்து, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதை உறுதிசெய்து, உள்ளே காற்றைச் செலுத்தும் ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்க வேண்டும். இறங்குபவரின் தோளையும் தொடையையும் சுற்றிய பெல்ட், மேலே நிற்கும் முக்காலியில் கைப்பிடியைச் சுழற்றி இழுக்கும் கயிற்றோடு இணைந்திருந்தால், வாயிலில் நிற்பவர் உள்ளே கால் வைக்காமலேயே அவரை மேலே தூக்கிவிடலாம். இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றை இழுத்தால் மயங்கிய உடல் மடிந்து குறுகிய வாயிலில் சிக்கிக்கொள்ளும்.

கழிவே படாத புதிய சம்ப்பிலும் இதே ஆபத்து உண்டு. கான்கிரீட் போட்டு மூடிய தொட்டிக்குள் ஈரமான சென்ட்ரிங் பலகைகள் மட்கி, இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அங்கே எச்சரிக்க நாற்றம்கூட இராது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சம்ப்புக்குக் கான்கிரீட் போட்டுப் பதினைந்து நாளாகிறது. பலகை பிரிக்க ஆள் இறங்குவதற்கு முன், நாளைக் காலை அந்த மேஸ்திரியைப் பார்த்துப் பேசப் போகிறேன்.