பாலத்தை மூடியது தீ மட்டும்தானா?

"பொகிப்ஸி ரயில் பாலம் 1974 தீயில் எரிந்து நாசமானது, அதனால்தான் ரயில் நின்றது" என்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அந்தப் பாலத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

1974 மே 8 அன்று தீப்பிடித்தது உண்மை. ஆனால் எரிந்தது மேல்தளத்தில் ஒரு பகுதி: தண்டவாளத்தைத் தாங்கும் மரச் சிலீப்பர் கட்டைகளும் நடைபாதைப் பலகைகளும். ஹட்சன் ஆற்றின் மேல் 1889 முதல் நிற்கும் எஃகுக் கட்டமைப்பு விழவில்லை. பழுதுபார்த்திருக்கலாம். யாருக்கு மனசு இருந்தது என்பதுதான் கேள்வி.

நியூ ஹேவன் ரயில் நிறுவனத்துக்கு இந்தப் பாலம் உயிர்நாடி. 1969-இல் அந்த நிறுவனம் பென் சென்ட்ரல் என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களுக்கு வடக்கே செல்கிர்க் என்ற ஊரில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் சொந்த யார்டு இருந்ததால், சரக்கையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பாலத்தில் வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. போதாக்குறைக்கு 1970-இல் பென் சென்ட்ரலே திவாலானது. அப்புறம் எங்கே பழுதுபார்ப்பது? வேண்டாத பாலத்தைக் கைகழுவ அந்தத் தீ நல்ல சாக்காகிவிட்டது என்பேன்.

'நாசமானது' என்ற பேச்சுக்கு இன்னொரு பதில்: அதே பழைய எஃகின் மேல் கான்கிரீட் பலகைகளைப் பதித்து, 2009-இல் நடைபாலமாகத் திறந்தார்கள்.