ஹாட் யோகா: வெளியே போக விடுவார்களா?

சூடேற்றிய அறையில் ஆசனம் செய்யும் ஹாட் யோகா வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தலை சுற்றினால் எழுந்து வெளியே போக விடுவார்களா? சூடு நல்லதா கெட்டதா என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த முறையைப் பரப்பியவர் பிக்ரம் சவுத்ரி. கல்கத்தாக்காரர். 1970களில் அமெரிக்கா போய் பெவர்லி ஹில்ஸில் பள்ளி நடத்தினார். 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம். அறையில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம், 40 சதவீத ஈரப்பதம். அந்த அறையைச் 'சித்திரவதைக் கூடம்' என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சொல்லும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, பாதியில் வெளியேறக் கூடாது என்பதை ஒழுக்கமாகவே கற்பித்தார்கள்.

இந்தியாவின் தட்பவெப்பத்தை அப்படியே அறைக்குள் கொண்டுவந்திருக்கிறோம் என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நம் ஊரில் யார் உச்சிவெயிலில் ஆசனம் போட்டார்கள்? விடியற்காலை, வெறும் வயிறு, காற்றோட்டமான இடம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையில் வியர்வை பற்றிப் பேச்சு உண்டு. பயிற்சியின் உழைப்பில் வரும் வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள் என்கிறது. ஹீட்டர் வரவழைக்கும் வியர்வை அல்ல அது. பயிற்சியைத் தொடங்கும் காலத்தில் நெருப்பருகே இருப்பதைத் தவிர்க்கச் சொல்வதும் அதே நூல்தான்.

உடம்பின் கணக்கு எளிது. நம் தோலின் வெப்பம் சுமார் 33, 35 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருந்தால், உடம்புச் சூடு வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். மூடிய அறை, பக்கத்தில் பக்கத்தில் ஆட்கள், ஏற்கெனவே ஈரக்காற்று. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 'பார், நச்செல்லாம் வெளியே போகிறது' என்று உற்சாகப்படுத்துவது சரியாக அந்த நேரத்தில். நச்சை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வகுப்பு முடிந்ததும் எடை குறைந்திருந்தால் அது தண்ணீர்; குடித்ததும் திரும்பிவிடும்.

நியூ ஜெர்சியில் இருந்தபோது நானும் இப்படியொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முடிந்து வெளியே வந்ததும் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஒருநாள் பக்கத்துப் பாயில் இருந்த அம்மா முகம் வெளுத்து எழுந்தார். 'அறையிலேயே இருங்கள், படுத்துக்கொள்ளுங்கள், வெளியே போக வேண்டாம்' என்றார் ஆசிரியை, மைக்கில். அந்த அம்மா அப்படியே படுத்துவிட்டார். சூட்டால் மயக்கம் வருகிறவரைச் சூட்டிலேயே கிடத்துவது முதலுதவிக்கு நேர் எதிரானது. குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை.

பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018-இல் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். அதே 26 ஆசனங்களை ஒரு குழுவுக்கு 40.5 டிகிரியிலும், இன்னொரு குழுவுக்குச் சாதாரண அறையிலும் 12 வாரம் செய்யவைத்தார்கள். ரத்தக்குழாய்கள் விரியும் திறன் இரண்டு குழுவிலுமே கூடியது. இந்தத் திறனில் சூடு தனியாக எதையும் சேர்க்கவில்லை. 2023-இல் பாஸ்டனில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சூடேற்றிய யோகாவுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டது யோகா தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. பலன் சூட்டாலா, ஆசனத்தாலா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

'ஆசிரியர் சொன்னால் உடம்பு சொல்வதைக் கேட்காதே' என்று பழக்குவது அறைக்குள்ளேயே நிற்காது. பிக்ரம் மீது மாணவிகள் பலர் பாலியல் வழக்குத் தொடுத்தார்கள், அவர் மறுத்தார். அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில் 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2017-இல் கைது வாரண்ட் வந்தபோது அவர் அமெரிக்காவிலேயே இல்லை. இதெல்லாம் எனக்குத் தற்செயலாகப் படவில்லை. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கப் பழகியவருக்கு மற்ற இடங்களில் 'முடியாது' என்று சொல்வது கடினம்.

அந்த 26 ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கேட்டும் பிக்ரம் போனார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஆக, அதே வரிசையை உங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, யாருக்கும் பைசா கொடுக்காமல் செய்யலாம்.

சூடு பிடித்துத்தான் போகிறேன் என்பவர்கள் போங்கள். கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், உப்பும் போகிறது. சூட்டில் தசை இளகியிருக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாக வளைக்காதீர்கள். இழுபட்டது மறுநாள்தான் தெரியும்.

இதைப் படிக்கும் யோகா ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி. புதிதாக வருபவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதல் நாளே கேட்கிறீர்களா? கீழே எழுதுங்கள்.