ராதாபுரத்தில் 2016-இல் ஜெயித்தது யார்?

2021-இல் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவரான திமுகவின் அப்பாவுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் நேரே பேரவைத் தலைவர் நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். ஆளுநர் உரையின்போது நடந்த கூத்து, அவையில் அவர் அடித்த நெல்லைக் கிண்டல், அப்புறம் அதை வைத்து வந்த மீம்கள். எனக்கு அவருடைய அரசியல் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது 2016 முதல் 2021 வரை சட்டமன்றத்துக்கு வெளியே அவர் கழித்த ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்துக்கு இன்னும் நாம் யாரும் ஒழுங்காகக் கணக்குக் கேட்கவில்லை.

இளைய தலைமுறைக்காக முன்கதை கொஞ்சம். 1996-இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில் ராதாபுரத்தில் ஜெயித்தார். 2001-இல் த.மா.கா. அதிமுக பக்கம் போனது. இவர் சுயேச்சையாக நின்று அப்போதும் ஜெயித்தார். 2006-இல் உதயசூரியன். மூன்று தேர்தல், மூன்று சின்னம், ஒரே தொகுதி. கட்சி மாறியவர் என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ஆனால் தமிழ்நாட்டில் பெரிய கட்சிச் சின்னம் இல்லாமல் எம்.எல்.ஏ. ஆவது எத்தனை பேரால் முடிந்திருக்கிறது? அதுவும் ராதாபுரம் மாதிரி ஒரு தொகுதியில். ஒரு பக்கம் கூடங்குளம் அணு உலை, ஒரு பக்கம் காற்றாலைகள், நடுவில் தேரி மணலும் வானம் பார்த்த நிலமும். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. அங்கே ஓட்டுக் கேட்டுப் போகிறவரிடம் முதல் கேள்வியே தண்ணீர்தான். தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தை அவர் விடாமல் பிடித்துத் தொங்கியதற்குக் காரணம் அதுதான்.

2011-இல் தொகுதி தேமுதிகவுக்குப் போனது. 2016-இல் அப்பாவு திமுக வேட்பாளர், எதிரே அதிமுகவின் இன்பதுரை. முடிவு: இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49.

49 ஓட்டில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்பது இயல்பு. ஆனால் இங்கே பிரச்சினை வெறும் எண்ணிக்கைத் தவறு பற்றியது இல்லை. 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன.

தபால் ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். தேர்தல் பணிக்குப் போகும் அரசு ஊழியர் ஓட்டுச் சீட்டை ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டுவார். கூடவே 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம். அதில் இவர்தான் கையெழுத்துப் போட்டார் என்று ஓர் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். இரண்டையும் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும் மேஜையில் முதலில் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். சான்றொப்பம் சரியில்லை என்றால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே யாருக்குப் போட்டார் என்று தெரியாமலே அந்த ஓட்டு கழிந்துபோகும்.

ராதாபுரத்தில் அந்த 203 படிவங்களிலும் சான்றொப்பம் போட்டிருந்தவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் கெஜட்டட் ஆபீசர், அதாவது சான்றொப்பம் இடத் தகுதியுள்ள அரசு அதிகாரி, ஆக மாட்டார் என்று தேர்தல் அதிகாரி முடிவு செய்துவிட்டார். தேர்தலை நடத்திக் கொடுக்கப் போன ஊழியர்களின் ஓட்டு, கையெழுத்துப் போட்டவரின் அந்தஸ்து போதாது என்று குப்பைக்குப் போனது. இதைவிடக் கொடுமையான நகைச்சுவை வேறு வேண்டுமா?

அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். அவர் கேட்டது இந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21-ஐயும் மறுபடி எண்ண வேண்டும் என்பது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அப்படியே உத்தரவிட்டது. தலைமை ஆசிரியரின் சான்றொப்பம் செல்லும் என்றும் சொன்னது. அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாள் இன்பதுரையின் மனுவில் உச்ச நீதிமன்றம், முடிவை வெளியிடக் கூடாது என்று தடை போட்டது. எண்ணியாயிற்று, கூட்டியாயிற்று, ஆனால் சொல்லக் கூடாது. தடை நீண்டுகொண்டே போனது. 2021-இல் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது.

இதில் நான் இன்பதுரையைக் குறை சொல்லவில்லை. மேல்முறையீடு அவருடைய உரிமை. தலைமை ஆசிரியர் விஷயத்தில் அவர் தரப்பு வாதமே சரி என்று ஆகியிருந்தால், ஐந்து வருடமும் ‘49 ஓட்டு எம்.எல்.ஏ.’ என்ற கேலியைச் சுமந்தவர் அவர்தானே. தாமதத்தால் அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தேர்தல் வழக்கு விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். ஆக ஒன்பது மாதம். ராதாபுரத்தில் முதல் தீர்ப்பு வரவே மூன்று வருடம் தாண்டிவிட்டது.

ராதாபுரம் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதே நெல்லை மாவட்டத்தில் சேரன்மகாதேவி. 2006-இல் அங்கே ஜெயித்த காங்கிரசின் வேல்துரைக்கு வேட்புமனு நேரத்தில் அரசு ஒப்பந்தம் நிலுவையில் இருந்தது என்று அவரிடம் தோற்ற அதிமுகவின் பால் மனோஜ் பாண்டியன் வழக்குப் போட்டார். அந்தத் தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 2011 ஏப்ரல் 13. அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது! தேனி எம்.பி. ரவீந்திரநாத் விஷயமும் தெரிந்ததுதான். 2019-இல் அவர் ஜெயித்தது செல்லாது என்று 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் தடை, அவரும் பதவிக்காலத்தை நிம்மதியாக முடித்தார்.

சரி, அப்பாவுவுக்கு வருவோம். 2021-இல் அதே இன்பதுரையை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்தார். மே மாதம் பேரவைத் தலைவர் ஆனார். இங்கேதான் எனக்கு அவர் மேல் வருத்தம். 2022 ஜூலையில் அதிமுக ஓ.பி.எஸ்.ஸை நீக்கிவிட்டு ஆர்.பி. உதயகுமாரை எதிர்க்கட்சித் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இருக்கையை மாற்றிக் கொடுங்கள் என்று எடப்பாடி பழனிசாமி அவையில் கேட்டார், கடிதம் கொடுத்தார், வெளிநடப்பும் செய்தார். இருக்கை மாறியது 2024 பிப்ரவரியில். ஒன்றரை வருடம்! பேரவைத் தலைவரின் அதிகாரம், மரபு என்று எத்தனை விளக்கம் சொன்னாலும் சரி, தாமதத்தால் ஒரு முழுப் பதவிக்காலத்தை இழந்த மனிதர் இன்னொருவரைக் காக்க வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வலி தெரிந்தவர் என்பதால்தான் அவரிடம் கூடுதலாக எதிர்பார்த்தேன்.

இந்த மாதிரி வழக்குகளில் யாருக்கும் அவசரம் இல்லாததற்குக் காரணமும் இதுதான் என்று தோன்றுகிறது. அரசியல்வாதிகள் எப்படியாவது மேலே வந்துவிடுகிறார்கள். அப்பாவு சபாநாயகர் ஆனார். இன்பதுரை 2025-இல் மாநிலங்களவைக்குப் போனார். ஓட்டுச் செல்லாமல் போன அந்த 203 பேருக்குத்தான் போக வேறு இடம் இல்லை.

‘முயல வேண்டும்’ என்று இருப்பதை ‘முடித்தே ஆக வேண்டும்’ என்று மாற்றி, தேர்தல் வழக்குகளுக்கு மட்டும் தனி அமர்வு வைத்து, தினசரி விசாரணை நடத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு நாடாளுமன்றத்தில் யாராவது ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டு வர வேண்டும். இன்பதுரை வழக்கறிஞர், வழக்கின் உள்ளும் புறமும் அறிந்தவர். அவர் கொண்டு வரட்டும், திமுக எம்.பி.க்கள் எழுந்து ஆதரிக்கட்டும். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இப்படி ஒரு வழக்கு அமைவது அபூர்வம்.